ஏழாம் எண்ணின் மஞ்சள் கோடு

துப்பாக்கி பழுதானால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். அதைப் பற்றி மனிதர்கள் பேசுகிற பேச்சைத்தான் சரிசெய்ய முடியாது. இருபத்தொன்பது வருடம் டெலானி கவுண்டியின் போலீசான ஷெரிஃப் அலுவலகத்தில் ஆயுதப் பொறுப்பு பார்த்தவன் சொல்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. போன ஜனவரியிலேயே அலுத்திருந்தது. மே மாதம் ஓய்வு, ஒரு கேக், நாலு கைகுலுக்கல், அப்புறம் ஏரியில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் பழைய ரைஃபிள்கள் பதினொன்று இருந்தன. முதல் தலைமுறைச் சரக்கு. ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்தினால் ஒரு குண்டு போகும். காலி உறையை அதுவே வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். இந்த வேலைக்கு வேறு மின்சாரமோ மந்திரமோ கிடையாது. வெடிக்கிற மருந்தின் வாயுவில் கொஞ்சத்தைப் பின்பக்கம் திருப்பிவிட்டால் அது தோட்டாவை ஏற்றி இறக்குகிற போல்ட்டை உதைக்கும், அவ்வளவுதான். பழையவை அழுக்குப் பிடிக்கும், உறையைக் கவ்வும் நகம் வருடத்துக்கு ஒன்று உடையும், இடது கைக்காரன் சுட்டால் கண்ணில் புகை அடிக்கும். ஆனால் மறப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. இதை நான் இப்போதுதான் சொல்கிறேன். அப்போது, பணம் ஒதுக்குகிற கவுண்டி ஆணையர்கள் முன்னால் எழுந்து நின்று, இரண்டாம் தலைமுறை வாங்கியே தீர வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான்.

"இது அடைக்கவே அடைக்காது. என் பேரை எழுதி வெச்சுக்குங்க" என்றேன். எழுதி வைத்துக்கொண்டார்கள்.

போன ஜூலையில் பதினொன்றும் வந்தன. நகம் தடித்திருந்தது, ஸ்பிரிங் மாறியிருந்தது, கூடவே நுனியில் மாட்டுகிற சைலன்சர். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் மேல் ஒரு சின்ன ஸ்க்ரூ. போல்ட்டை உதைக்கிற வாயுவைக் கூட்டவும் குறைக்கவும் அது. சைலன்சர் மாட்டினால் வாயு உள்ளேயே தங்கி அதிகமாக உதைக்கும். எனவே ஸ்க்ரூவை இரண்டு சொடுக்கு இறுக்கி வாயுவைக் குறைக்க வேண்டும். பதினொன்றையும் இறுக்கினேன். ஸ்க்ரூ தலையிலிருந்து குழாய் வரை குறுக்கே ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டேன். ஸ்க்ரூ நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். என் கோட்டை ஒருவரும் தொடக் கூடாது. தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நவம்பரில் சைலன்சர் வேண்டாம் என்றாகிவிட்டது. காரிலிருந்து அவசரமாக உருவினால் நீளம் இடிக்கிறது. இரண்டு பேர் காரின் உள்கூரையைக் கிழித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஸ்க்ரூவைத் திறந்து, மஞ்சளைத் துடைத்து வெள்ளைக் கோடு போட்டேன். பத்துக்கு. ஏழாம் எண் அன்று அலமாரியில் இல்லை. அது ரோந்து போகும் புது டெபுடி டெனா அஷூரின் துப்பாக்கி. அவள் மாநிலத் தலைநகர் ஹெலினாவில் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தாள். வந்ததும் செய்துகொள்ளலாம் என்று பதிவேட்டில் பதினொன்றுக்கும் டிக் அடித்துவிட்டேன். அவள் திரும்பிய அன்று நடைபாதையில் வைத்தே சைலன்சரைக் கையால் கழற்றினேன். ஸ்க்ரூவைத் திருகும் சாவி தேட உள்ளே போனேன், போன் அடித்தது. போன் பேசி முடித்தபோது அவள் ரோந்துக்குப் போய்விட்டாள்.

மறந்துவிட்டேன். இதற்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை, நெடுஞ்சாலையில் மாட்டு லாரி ஒன்று பனியில் கவிழ்ந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. கால் முறிந்த மாடுகள் சாலை முழுக்க. மாட்டு டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அங்கே இருந்த ஒரே டெபுடி டெனாதான். வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம், இன்னும் ஒரு மாதம் தாண்டினால் நிரந்தரம். துடிக்கிற மாடுகளை முடித்துவைக்க அவள் ரைஃபிளை எடுத்தாள், சைலன்சர் கழற்றிய பிறகு முதல் தடவையாக. தோள் முறிந்த ஒரு கறுப்புக் காளை. முதல் குண்டு விழும் நேரத்தில் தலையைத் திருப்பிவிட்டது. இரண்டாவது குண்டு போகவில்லை. காலி உறை பாதி வெளியே வந்து கவ்விக்கொண்டு நின்றது. அவள் அதைப் பிடுங்கி எறிந்து அடுத்ததை ஏற்றுவதற்குள் காளை எழுந்து ஓடி, இழுவை வண்டிக்கார வெண்டல் ப்ராத்தை அவன் வண்டியோடு சேர்த்து நசுக்கிவிட்டது. இடுப்பு எலும்பு மூன்று துண்டு. வெண்டலைத் தெரியாதவர்கள் இந்தக் கவுண்டியில் இல்லை. பள்ளத்தில் விழுந்த என் வண்டியையே நாலு தடவை தூக்கிவிட்டிருக்கிறான்.

மறுநாள் காலை ஏழாம் எண் என் மேஜைக்கு வந்தது. விளக்கைக் கிட்டே இழுத்தேன். மஞ்சள் கோடு. முடி அளவுகூட உடையாமல், ஜூலையில் நான் போட்ட அதே கோடு. சைலன்சர் இல்லாத துப்பாக்கியில் ஸ்க்ரூ இன்னும் இறுக்கியபடியே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஷெரிஃப் மார்லோ கெசல் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவன் ஷெரிஃப் தேர்தலில் நின்றான், நான் எண்ணெய்த் துணியோடு நின்றுவிட்டேன்.

"வெண்டல் வக்கீல் வெச்சுட்டான்யா" என்றான். "துப்பாக்கி கோளாறுன்னா அதை வாங்கின நாம மாட்டுவோம். என்ன ஆச்சு அதுக்கு?"

"வாயு பத்தல. உறை வெளிய போகல."

"ஏன் பத்தல? ஸ்க்ரூவை யாராவது திருகியிருப்பாங்களா?"

நான் எண்ணெய்த் துணியை எடுத்து மடித்தேன்.

"நீ நவம்பர்ல எல்லாத்தையும் திறந்துட்ட. உன் பதிவேட்டுல இருக்கு, பாத்தேன். அப்போ அவதான் நோண்டியிருக்கா. அந்தப் பொண்ணு சும்மா இருக்கற ஆளா? சொந்தக் காசுல டார்ச் லைட் மாட்டினா, கைப்பிடி மாத்தினா. இன்டர்நெட்ல பாத்து இதையும் திருகிட்டா போல. சொல்லாம கொள்ளாம துப்பாக்கியில கை வெச்சா வேலை காலி, விதி இருக்கு. அவ இன்னும் நிரந்தரமும் ஆகல. ஒரு தாள் போதும்."

"அவ தொட்டதா நான் சொல்லலையே, மார்லோ."

"தொடலன்னும் சொல்லலையே நீ." எழுந்து நின்று தொப்பியை மாட்டினான். "மாநிலத்துலேர்ந்து விசாரிக்கற ஆள் அடுத்த திங்கக்கிழமை வர்றான். அதுக்குள்ள சுட்டுப் பாத்து அறிக்கை எழுதி வெச்சிரு. மே மாசம் உன்னை நல்லபடியா அனுப்பணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

அவன் கெட்டவன் இல்லை. களைத்துப்போனவன். அவனுக்கு முடிந்துபோன ஒரு விஷயம் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அந்த மஞ்சள் கோடு மட்டும் இல்லாவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். கோட்டை நான் துடைத்துவிட்டால், டெனாதான் திருகினாள் என்றாகிவிடும். என் மனைவியின் நகப்பூச்சு நீக்கும் திரவம் ஒரு சின்னப் புட்டி, காது குடைகிற பஞ்சுக் குச்சி இரண்டு. கோட் பையில் போட்டுக்கொண்டேன். மனைவியிடம் கேட்காமலேதான் எடுத்தேன்.

ஐந்து நாள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த ஐந்து நாளும் டெனாவை ரோந்துக்கு அனுப்பவில்லை. முன் மேஜையில் நாய் உரிமம் எழுதவைத்தார்கள். காலைக் கூட்டத்தில் அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. வெண்டல் எல்லோருக்கும் வேண்டியவன், இவளோ புதியவள். அவளைக் கடக்கும்போதெல்லாம் பையில் புட்டி இடித்தது. வெட்கம் கெட்டவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே காபியும் குடித்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நாங்கள் சுட்டுப் பழகும் ஜல்லிக் குழியில் சுட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கள் வழக்கப்படி, கோளாறு சொன்ன துப்பாக்கியை அதை வைத்திருப்பவர்தான் சுட வேண்டும். நான் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நல்லது ஒன்று வேண்டும் என்று மூன்றாம் எண்ணையும் கொண்டுபோயிருந்தேன். சுட்டு முடித்ததும் அவளை அனுப்பிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து கோட்டைத் துடைப்பது என்பது என் திட்டம்.

டெனா எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. கண்ணும்.

"குட் மார்னிங், சார்."

"சாப்டியா?"

"இல்ல சார். எறங்கல."

முதலில் மூன்றாம் எண். பத்துத் தோட்டா போட்டாள், பத்தும் போயின. உறைகள் பனியில் விழுந்து சீறின. பிறகு ஏழாம் எண். முதல் குண்டு. உறை பாதியில் நின்றது. பிடுங்கினாள். இரண்டாவது. நின்றது. பிடுங்கினாள். ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது, விரல் நுனி வெளுத்துப்போனது. ஆறாவது தடவை நிறுத்தச் சொன்னேன்.

"இதேதான் சார்" என்றாள். "அன்னைக்கும் இப்படியேதான். நான் எதையும் தொடல சார். தொட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"ம்."

இரண்டு துப்பாக்கிகளையும் வண்டியின் பின்பலகையில் அருகருகே வைத்தாள். வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இல்ல, கேக்கல. சும்மா சொல்றேன். என்னோடதுக்கு மஞ்சள், மத்தவங்களுக்கெல்லாம் வெள்ளைன்னு டிசம்பர்லயே பாத்தேன். இன்னும் நிரந்தரம் ஆகாதவங்களுக்கு மஞ்சள் போல இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஏன் என்னைக் கேக்கல?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். "டோனட் சார்."

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். காலைக் கூட்டத்தில் யாராவது முட்டாள்தனமான கேள்வி கேட்டால் மறுநாள் எல்லோருக்கும் அவர்தான் டோனட் வாங்கி வர வேண்டும். கேள்வி முட்டாள்தனமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது நான். வழக்கத்தை ஆரம்பித்துவைத்த புண்ணியவானும் நானே, பதினாறு வருடத்துக்கு முன்னால், ஒரு சிரிப்புக்காக. டெனா சேர்ந்த முதல் மாதத்தில் மூன்று தடவை டோனட் வாங்கினாள். மூன்றாவது தடவை, "இந்தம்மா கடையே வெச்சுடலாம் போலிருக்கே" என்றேன். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவள் கேட்டதே இல்லை. நல்ல பெண், சீக்கிரம் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"கோடு மட்டும் அழியாம பாத்துக்கிட்டேன் சார்" என்றாள், குற்றம் விசாரிப்பவனிடம் சாட்சி சொல்வதுபோல. "துப்பாக்கியைக் குடுத்த அன்னைக்கே சொன்னீங்களே, கோடு அழிஞ்சா தோலை உரிச்சிருவேன்னு. ஒவ்வொரு வாரமும் தொடைக்கும்போது அதுமேல சின்னதா டேப் ஒட்டிப்பேன். சுத்தி இருக்கற கரியைப் பல்குத்தற குச்சியால எடுப்பேன். நீங்களே பாருங்க, ஒரு கீறல் இருக்கா?"

கீறல் இல்லை.

பையில் கை விட்டேன். புட்டி குளிரில் கல்லாகியிருந்தது. அதை வெளியே எடுத்துப் பின்பலகையில், இரண்டு துப்பாக்கிகளுக்கும் நடுவில் வைத்தேன். பஞ்சுக் குச்சிகளையும் வைத்தேன்.

"என்ன சார் இது?"

"மஞ்சள்னா சைலன்சர் மாட்டியிருக்கும்போது வெக்கற அளவு" என்றேன். "வெள்ளைன்னா கழட்டினதுக்கப்புறம். நவம்பர்ல பத்தைத் திறந்தேன். உன்னோடதைத் திறக்கல. மறந்துட்டேன். பதினொண்ணுக்கும் டிக் போட்டுட்டேன். அந்தக் கோடு உடையாம இருக்கறதே நீ தொடலங்கறதுக்கு அத்தாட்சி. இதை அழிக்கத்தான் இந்தப் புட்டியைக் கொண்டுவந்தேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழிக்கு மேலே சாலையில் ஒரு லாரி போனது.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"மறுநாள் காலையிலயே."

"பத்தாம் தேதி."

"ஆமா."

"இன்னைக்குப் பதினெட்டு." விரல் விட்டு எண்ணினாள், நிஜமாகவே. "ஒன்பது நாளா எங்கம்மாகிட்ட, நான் எதையும் தொடலம்மா, தொடலம்மான்னு சொல்லிட்டிருக்கேன். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தொடைக்கும்போது தெரியாம திருகிட்டேனோ, தூக்கக் கலக்கத்துல ஏதாவது பண்ணிட்டேனோன்னு. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வெண்டல் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அந்தம்மா என் மூஞ்சிலயே கதவைச் சாத்தினாங்க. எந்தத் தப்புக்கு மன்னிப்புன்னே தெரியாம கேட்டுட்டு வந்தேன். நீங்க அங்க உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தீங்க."

"தப்புதான், டெனா."

"சும்மா இருங்க சார்."

சும்மா இருந்தேன். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். கதவைத் திறந்து மறுபடி இறங்கி வந்தாள். கைப்பேசியை எடுத்து அந்த மஞ்சள் கோட்டை நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தாள். புட்டியோடு சேர்த்து இன்னொரு படம். என்னை இனி நம்ப முடியாது என்று அவள் முடிவு செய்தது சரிதான். பிறகு போய்விட்டாள்.

நான் அங்கிருந்து நேரே மார்லோவின் வீட்டுக்குப் போனேன். வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். மண்வெட்டியை ஊன்றி நின்று முழுக்கக் கேட்டான்.

"இதைப் போய் ஏன்யா தோண்டினே?" என்றான். "அவ வயசுக்கு இன்னொரு வேலை கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்காது. துப்பாக்கியில கை வெச்சு ஒரு ஆளை நசுக்க விட்டவன்னு தாள்ல எழுதிட்டா எந்தக் கவுண்டிக்காரன் எடுப்பான்?"

"உன்னை நான் காப்பாத்த முடியாது, ஆரின். பொய்யா டிக் போட்டிருக்க."

"தெரியும்."

"கேக்குக்குக்கூடச் சொல்லிட்டேன்யா" என்றான். திரும்பிப் பனியைத் தள்ள ஆரம்பித்தான்.

அன்றே அறிக்கை எழுதினேன். எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், இவ்வளவு சின்னதாக எழுதியதில்லை. ஏழாம் எண் ரைஃபிளில் கோளாறு இல்லை. அதை வைத்திருந்த டெபுடியிடமும் இல்லை. ஸ்க்ரூ நான் வைத்த இடத்தில் இருக்கிறது. கீழே கையெழுத்து.

மாநில ஆள் திங்கட்கிழமை வந்து கோட்டை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஜனவரி முடிவதற்குள் நான் வெளியே. கேக் கிடையாது. வெண்டல் பிழைத்துக்கொண்டான், கோல் ஊன்றி நடக்கிறான். அஞ்சலகத்தில் எதிர்ப்பட்டால் நான் கையை உயர்த்துவேன், அவன் உயர்த்த மாட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

டெனாவை அப்புறம் ஏப்ரலில்தான் பார்த்தேன். ரயில்வே கேட் பக்கத்துப் பேக்கரியில் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். சீருடையில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். சட்டையில் நிரந்தர டெபுடிக்கான பட்டை. என்னைப் பார்த்தாள். நானே பேச்சைத் தொடங்கினேன்.

"ஏழாம் நம்பர் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது. வெள்ளை போட்டாச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். "உங்க எடத்துக்கு வந்தவர் பதினொண்ணுக்கும் புதுசா ஒரு பச்சைக் கோடு போட்டார், பின்னாடி பக்கம். கூட்டத்துல எழுந்து கேட்டேன், இது எதுக்குன்னு. யாருக்கும் தெரியல. போட்டவருக்கே சரியாத் தெரியல."

கடைக்காரம்மா ஒரு பெரிய பெட்டியை நகர்த்தினாள். இரண்டு டஜன் டோனட். டெனா அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள்.

"அப்ப இது?" என்றேன்.

"வேறென்ன, கேள்வி கேட்டதுக்குத்தான். அந்த வழக்கம் இன்னும் இருக்கு. இந்த வாரம் மூணாவது தடவை" என்றாள். கதவை முதுகால் தள்ளித் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக சார் என்று சொல்லவில்லை. "இப்பல்லாம் எல்லாத்தையும் கேட்டுடறேன், ஆரின். டோனட் மலிவுதான்."